பென்சில் கோடும் பாட்டாளி வீடும்

நகர மன்ற அலுவலகம். நீண்ட மேஜை. மேஜை முழுவதும் விரித்துப் போட்ட ஊர் வரைபடம். மூக்குக் கண்ணாடி அணிந்த நிபுணர் ஒருவர் குனிந்து நின்று, பென்சிலால் கோடு ஒன்று கிழிக்கிறார். இரண்டு அங்குல நீளம் இருக்கும். அவருக்கு அது வெறும் கோடு. அந்தக் கோட்டின் ஓரத்திலே நிலம் வாங்கிப் போட்டிருக்கும் கனதனவானுக்கோ, அது தங்கக் கம்பி! அந்தக் கோடு கடந்து செல்லும் இடத்திலே கூரை வேய்ந்து குடியிருக்கும் கூலிக்காரனுக்கோ, அது கழுத்துக் கயிறு!

ஒரே கோடுதான், தோழர்களே! ஒருவருக்கு வாழ்வு; ஒருவருக்கு வதை. ஆகவேதான் கேட்கிறோம்: கோடு கிழிப்பது யார்? யாருக்காகக் கிழிக்கிறார்? கிழிக்கும்போது, குடிசையிலே இருப்பவனைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்டாரா?

இந்த வேலைக்கு நகர அமைப்புத் திட்டம் என்று பெயர் சூட்டியிருக்கிறார்கள். இருபது ஆண்டு கழித்து ஊர் எப்படி இருக்க வேண்டும், எங்கே வீடு, எங்கே ஆலை, எங்கே கடைத்தெரு, எந்த வயல் வயலாகவே நிற்க வேண்டும், எந்த வழியாக வண்டி ஓட வேண்டும் என்பதை இன்றைக்கே முடிவு செய்வது. "இது பொறியியல் தெரிந்தவர் பேச வேண்டிய பொருள், பொதுக்கூட்ட மேடைக்கும் தொழிலாளர் மன்றத்துக்கும் இங்கென்ன வேலை?" என்று கேட்பார் உண்டு. அவர்களுக்குப் பணிவோடு ஒன்று கூறுவோம். கூலி உயர்வு எவ்வளவு முக்கியமோ, அவ்வளவு முக்கியம் இந்தக் கோடு.

காரணம் எளிது. ஆலைத் தொழிலாளி போராடுகிறான், அடிபடுகிறான், சிறைப்படுகிறான், கூலியிலே கொஞ்சம் உயர்வு பெறுகிறான். மறு மாதமே வீட்டுக்காரர் வந்து நிற்கிறார், வாடகை ஏறிவிட்டது என்று. தாங்க முடியாமல், ஊருக்கு வெளியே ஐந்தாறு கல் தொலைவிலே குடியேறுகிறான். வாடகையிலே மிச்சம் பிடித்ததைப் பஸ் கட்டணம் பறித்துக் கொள்கிறது. பஸ்ஸே வராத இடமென்றால், தவணைக் கடனிலே மோட்டார் சைக்கிள்! வேலை எட்டு மணி நேரம், வழிப்பயணம் மூன்று மணி நேரம். பெற்ற பிள்ளை விழித்திருக்கும்போது முகம் பார்ப்பது ஞாயிற்றுக்கிழமை ஒரு நாள்! ஆலை வாயிலிலே வென்றதை, ஊர் அமைப்பிலே தோற்று விடுகிறான். தோற்றோம் என்பதும் அவனுக்குத் தெரிவதில்லை. ஏனெனில், தோற்கடித்தவன் கையிலே இருந்தது தடியல்ல, பென்சில்!

நிலம், வீடு, போக்குவரத்து இவை மூன்றும் மூன்று இலாகா அல்ல. ஒரே கயிற்றின் மூன்று புரி. ஒரு புரி அறுந்தாலும் கயிறு அறுந்தது போலத்தான்.

கருங்காட்டு அடிவாரத்திலே

இதை விளக்கக் கதையும் தேவையில்லை, கற்பனையும் தேவையில்லை. நடந்ததையே எடுத்துக் காட்டுவோம்.

ஜெர்மனி நாட்டின் தென்மேற்கு மூலையிலே, பிரான்சு, சுவிட்சர்லாந்து ஆகிய இரு நாடுகளின் எல்லைக்கருகே, கருங்காடு என்று பெயர் பெற்ற மலைக்காட்டின் அடிவாரத்திலே, பிரைபர்க் என்றோர் ஊர். 1120-ஆம் ஆண்டிலே சந்தை கூட்டும் உரிமை பெற்றுத் தோன்றிய ஊர். 1457-லிருந்து பல்கலைக் கழகம் உண்டு. இன்று மக்கள் தொகை இரண்டேகால் இலட்சத்துக்குச் சற்று அதிகம். பெர்லினைப் போலத் தலைநகரல்ல. ஹாம்பர்க்கைப் போலப் பெருந்துறைமுகமுமல்ல. சிறு நகரம். ஆனால் இந்தச் சிறு நகரத்தைப் பார்த்துப் பாடம் கற்க, பெருநகரத்து நிபுணர்களெல்லாம் பெட்டி படுக்கையோடு போய் இறங்குகிறார்கள்.

இட்லர் மூட்டிய போர்த்தீ, அந்த ஊரையும் விடவில்லை. 1944 நவம்பர் 27-ஆம் நாள் இரவு பிரிட்டிஷ் விமானங்கள் குண்டு பொழிந்தன. ஏறத்தாழ 2,800 பேர் மாண்டனர். பழைய ஊர்ப்பகுதி பெரும்பாலும் கற்குவியலாயிற்று. பெரிய மாதாகோயில் தப்பி நின்றது.

கற்குவியலின் நடுவே நின்றுகொண்டு, புது ஊர் எப்படி இருக்க வேண்டும் என்று முடிவெடுக்கும் பொறுப்பு ஜோசப் ஷ்லிப்பே என்ற நகர அமைப்பாளரிடம் வந்தது. எல்லாம் இடிந்துவிட்டதே, இனி மோட்டார் பறப்பதற்கு ஏற்றவாறு ராஜபாட்டைகளை வெட்டி விடலாம் என்று பல ஜெர்மன் நகரங்கள் முனைந்தன. பிரைபர்க்கோ, பழைய தெருக்களின் அமைப்பையே பெரிதும் பின்பற்றி மீண்டும் எழுந்தது. பழமை என்பதற்காக மட்டும் பழமையைப் போற்றுவோர் அல்லர் நாம்; என்றாலும், இதிலே ஒரு பயன் விளைந்ததை மறைக்க மாட்டோம். நெருக்கமான ஊர் கிடைத்தது. நடந்து போகும் தொலைவிலே கடை. நடந்து போகும் தொலைவிலே பள்ளி. தெருவின் நடுவே டிராம்.

பின்னர் வந்தது மோட்டார் வெள்ளம். "டிராமா! தாத்தா காலத்துச் சாமான்!" என்றனர் புதுமை பேசியோர். மேற்கு பெர்லின் 1967-லே தன் கடைசி டிராமுக்கு விடை கொடுத்தது. ஹாம்பர்க் 1978-லே விடை கொடுத்தது. இவ்வளவு பெரிய ஊர்களே கைகழுவிய ஒன்றைச் சின்னஞ்சிறு பிரைபர்க் கட்டிக்கொண்டு அழலாமா? அழவில்லை, தோழர்களே, ஆழ்ந்து யோசித்தது! டிராமைக் காப்பது மட்டுமல்ல, நீட்டிப்பது என்று 1972-லே நகர மன்றம் முடிவு செய்தது. 1973-லே பழைய ஊரின் நடுப்பகுதி, மோட்டார்கள் ஓடாத, மக்கள் நடக்கும் வீதிகளாயிற்று. 1983-லே புதிய பாதையில் டிராம் ஓடிற்று. 1984-லே, ஜெர்மனிக்கே வழிகாட்டியாக, மாதம் முழுவதும் செல்லக்கூடிய மலிவான பயணச்சீட்டு வந்தது. அந்தச் சீட்டு ஓர் ஆளுக்கு மட்டும் உரியதல்ல. கை மாற்றிக் கொள்ளலாம். காலையிலே கணவன் வேலைக்குப் போக, மாலையிலே மனைவி கடைக்குப் போக, சீட்டு ஒன்றே போதும். 1991-லே அதை விரித்து, சுற்றுவட்டார ஊர்கள் அனைத்துக்கும் ஒரே சீட்டு என்றாக்கினர்.

விளைவு? 1982-லே அந்நகர மக்கள் ஊருக்குள் மேற்கொண்ட பயணங்களில், பத்துக்கு ஏறத்தாழ நான்கு மோட்டாரிலே. 2016-லே எண்ணிப் பார்த்தபோது பத்துக்கு ஏறத்தாழ இரண்டு. சைக்கிளிலே மட்டும் மூன்றில் ஒரு பங்கு! சைக்கிள் ஏழையின் வாகனம் என்று இளக்காரம் பேசுவோர் உண்டல்லவா? அங்கே பேராசிரியரும் சைக்கிளிலேதான் போகிறார், பெருக்குகிற தொழிலாளியும் சைக்கிளிலேதான் போகிறார். காரணம், ஏழை போகும் பாதையைப் பாதுகாப்பான பாதையாக்க, நகர மன்றம் பணம் செலவிட்டது.

இவற்றிலே எதுவும் ஓர் இரவிலே முளைத்ததல்ல. 1972-லே கை தூக்கிய நகர மன்ற உறுப்பினர் பலருக்கு, அதன் முழுப் பலனைக் காணும் வாய்ப்பே இருந்திருக்காது. பனை விதைப்பவன் நிலை அது. தான் உண்ண அல்ல. தன் பேரன் உண்ண. நீண்ட நாள் திட்டம் என்பதன் பொருள் இதுதான்.

சாக்கடை வயலிலே சமத்துவக் குடியிருப்பு

மக்கள் பெருகினர், வீடு போதவில்லை. எங்கே கட்டுவது? நகரின் மேற்கே ரீசல்பெல்ட் என்றோர் இடம். ஏறத்தாழ நூறு ஆண்டுகள், ஊர்ச் சாக்கடை நீரைப் பாய்ச்சி வடிகட்டிய நிலம். நகரத்துக்கே சொந்தம். நூற்றுக்கணக்கான ஏக்கர். அவ்வளவையும் பட்டா போட்டு விற்றிருந்தால் பணம் குவிந்திருக்கும். பிரைபர்க் அப்படிச் செய்யவில்லை. எழுபது எக்டேர், அதாவது சுமார் 170 ஏக்கர் மட்டும் வீட்டுக்கு. எஞ்சிய பெரும்பகுதி இயற்கைக் காப்பிடம்! நான்கைந்து மாடிக்கு மேற்படாத வீடுகள், ஒன்றையொன்று நெருங்கி. மனைகளைச் சிறு சிறு துண்டாக்கிப் பலருக்குப் பிரித்துக் கொடுத்தனர். ஒரே பெருமுதலாளி ஊரையே விழுங்கிவிடாதபடி. இன்று பத்தாயிரத்துக்கு மேற்பட்டோர் வாழ்கின்றனர்.

இதிலே நாம் அடிக்கோடிட்டுக் காட்ட விரும்புவது ஒன்று. ரீசல்பெல்ட்டுக்கு 1997-லேயே டிராம் வந்துவிட்டது. முதல் குடும்பங்கள் குடியேறி ஓராண்டு போல்தான் ஆகியிருந்தது. கட்டி முடியாத வீடுகளே மிகுதி. ஆளில்லாத இடத்துக்கு வண்டியா என்று கணக்குப் பிள்ளை கேட்கத்தான் செய்வார். ஆனால், வண்டி முதலில் வந்தால் மனிதன் வண்டியை நம்பி வருவான். வண்டி பத்தாண்டு தாமதமானால், அதற்குள் அவன் கடன்பட்டு மோட்டார் வாங்கியிருப்பான். வாங்கியவன் அதை விட்டு இறங்கமாட்டான். பிறகு, "பஸ்ஸிலே கூட்டமே இல்லையே!" என்று சொல்லி, இருக்கும் பஸ்ஸையும் நிறுத்துவார்கள்.

நகரின் தெற்கே வோபான் என்று மற்றோர் இடம். கோட்டை கட்டுவதிலே புகழ் பெற்ற பிரெஞ்சுப் படைப் பொறியாளரின் பெயர் அது. போருக்குப் பின் பிரெஞ்சுப் படை தங்கியிருந்த பாசறை. 1992-லே படை வெளியேறிற்று. நிலத்தை நகரம் வாங்கிற்று. பழைய பாசறைக் கட்டிடங்கள் சிலவற்றை, "இடிக்காதே! எங்களுக்குக் கொடு! நாங்களே செப்பனிட்டுக் குறைந்த வாடகையிலே குடியிருப்போம்!" என்று கேட்டு இளைஞர் கூட்டம் போராடிப் பெற்றது. மற்ற இடத்திலே புது வீடுகள். திட்டம் தீட்டும் கட்டத்திலேயே மக்கள் அமைப்பு ஒன்றுக்கு இடம் தந்தது நகர மன்றம். இன்று அங்கே ஐயாயிரத்துக்கு மேற்பட்டோர் வாழ்கின்றனர். 2006-லே டிராமும் அங்கே சென்றது.

வோபானிலே விசித்திரமான விதி ஒன்று. பெரும்பாலான தெருக்களிலே மோட்டாரை வாசலிலே நிறுத்த முடியாது. மோட்டார் வைத்திருப்பவர், குடியிருப்பின் ஓரத்திலே உள்ள அடுக்கு நிறுத்தகத்திலே, சொந்தப் பணத்திலே இடம் வாங்க வேண்டும். மோட்டார் இல்லாதவர், இல்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டால் அந்தச் செலவிலிருந்து தப்பலாம்.

விதி சிறியது, அதிலே அடங்கிய நீதி பெரியது. மற்ற இடங்களிலே நடப்பதென்ன? வீடு கட்டும்போதே மோட்டார் நிறுத்த இடம் கட்டியாக வேண்டும் என்று விதி வைக்கிறார்கள். அந்த இடத்துக்கு நிலம் வேண்டும், சிமெண்டு வேண்டும், கூலி வேண்டும். அந்தச் செலவு வாடகையிலே ஏறுகிறது. எவர் வாடகையிலே? எல்லோர் வாடகையிலும்! மோட்டாரே இல்லாத தையல்காரர், பக்கத்து வீட்டுச் சீமான் மோட்டாருக்கும் சேர்த்து வாடகை கொடுக்கிறார். அவருக்கு அது தெரியவும் தெரியாது. வோபான் அந்த மறைமுக வரியை எடுத்து வெளிச்சத்திலே வைத்தது. மோட்டார் உனக்கா? இடத்துக்கு நீயே பணம் கொடு! முடிந்தது வழக்கு.

கடைகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஊருக்கு வெளியே, நெடுஞ்சாலை ஓரத்திலே, பெரிய பெரிய பண்டக சாலை வந்தால், ஊருக்குள் உள்ள சிறு கடை செத்துவிடும்; பிறகு உப்பு வாங்கவும் மோட்டார் தேவைப்படும். இதை உணர்ந்து, அன்றாடச் சாமான்கள் விற்கும் பெருங்கடைகளை எங்கே வைக்கலாம், எங்கே வைக்கக் கூடாது என்று 1992-லேயே பிரைபர்க் வரையறுத்தது. மூலைக்கடை பிழைத்தது, மூதாட்டியின் முழங்காலும் பிழைத்தது!

மேயரை வென்ற குடிக்கூலிக்காரர்கள்

எல்லாம் இன்பபுரி, எங்கும் தேனாறு என்று எழுதிவிட்டு எழுந்து போக நாம் விரும்பவில்லை. புகழ் பாடுவது புலவர் வேலை. உண்மை கூறுவது ஏட்டின் கடமை.

ஊர் அழகானது, ஆகவே பலர் வர விரும்பினர், ஆகவே வாடகை ஏறிற்று. ஜெர்மனியிலே, வருமானத்தோடு ஒப்பிட்டால் வாடகைச் சுமை மிகுந்த ஊர்களிலே ஒன்று பிரைபர்க். வோபானிலே மரநிழல் உண்டு, சூரிய ஒளியிலே மின்சாரம் உண்டு, தெருவிலே குழந்தை விளையாட இடம் உண்டு. அங்கே வீடு வாங்கியோரிலே படித்த நடுத்தர வகுப்பினரே மிகுதி என்ற குறையும் உண்டு. அந்தக் குறையிலே உண்மையும் உண்டு. அழகான ஊரைக் கட்டிவிட்டு, அதைத் துடைத்துப் பெருக்குகிறவன் குடியிருக்க இடமில்லை என்றால், அந்த அழகு எதற்கு?

2006-ஆம் ஆண்டு இந்தக் கேள்வி தீயாக மூண்டது. நகர மன்றத்துக்குக் கடன் சுமை. நகரத்துக்குச் சொந்தமான வாடகை வீடுகள் ஏறத்தாழ எண்ணாயிரம். அவற்றை விற்றுக் கடனை அடைப்போம் என்றார் மேயர் டீட்டர் சாலமோன். அவர் முதலாளிக் கட்சிக்காரர் அல்லர், தோழர்களே. சுற்றுச்சூழலைக் காப்பதற்கென்றே தோன்றிய பசுமைக் கட்சிக்காரர்! நகர மன்றத்திலே பெரும்பான்மையும் அவர் பக்கம். முன்மாதிரியும் இருந்தது. அதே ஆண்டுதான் டிரெஸ்டன் நகரம், தனக்குச் சொந்தமான சுமார் 48,000 வீடுகளை ஓர் அமெரிக்க முதலீட்டு நிறுவனத்துக்கு விற்றுவிட்டுக் கடனற்ற ஊர் என்று பேரெடுத்திருந்தது. கடனற்ற ஊர்! எவ்வளவு கவர்ச்சியான பட்டம்!

பிரைபர்க் குடிக்கூலிக்காரர்கள் கேட்டனர்: "கடன் தீரும், சரி, பிறகு எங்கள் வாடகையை முடிவு செய்வது யார்? நாங்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுத்த நகர மன்றமா? கடல் கடந்து இருக்கும், எங்கள் தெருப்பெயரும் தெரியாத பங்குதாரரா?" குடியிருப்பு மனித உரிமை என்பதையே பெயராகக் கொண்டு மக்கள் இயக்கம் ஒன்று எழுந்தது. வீடு வீடாகச் சென்று கையெழுத்துத் திரட்டினர். ஊர் முழுவதும் வாக்கெடுப்பு நடத்தியே தீர வேண்டிய நிலையை உண்டாக்கினர். 2006 நவம்பர் 12, வாக்கெடுப்பு நாள். வாக்களித்தோரில் நூற்றுக்கு எழுபது பேர், "விற்காதே!" என்றனர். மேயர் தோற்றார், மன்றப் பெரும்பான்மை தோற்றது, வீடு நின்றது! அந்த வீடுகளை நடத்தும் நிறுவனம் இன்றும் நகரத்தின் உடைமை.

டிரெஸ்டன் என்னவாயிற்று என்று கேட்பீர்கள். விற்ற கையோடு நிம்மதியாக இருந்ததா? பத்தாண்டு கடந்தது. குறைந்த வாடகை வீடு கிடைக்காமல் மக்கள் தவித்தனர். 2017-லே, வீடு கட்டுவதற்கென்று நகரத்துக்குச் சொந்தமான புது நிறுவனம் ஒன்றைத் தொடங்கிற்று டிரெஸ்டன். ஒன்று முதல் மீண்டும் எண்ணத் தொடங்கிற்று! கறவைப் பசுவை விற்றுக் கடனடைத்தவன், பிள்ளைக்குப் பாலுக்காகக் கன்று தேடி அலைந்த கதை!

வயலா? வீடா?

வீட்டைக் காத்தாயிற்று. புது வீடு? 2015-லே பிரைபர்க் நகர மன்றம் ஒரு தீர்மானம் செய்தது: புதிதாகக் குடியிருப்புப் பகுதி எழும் இடங்களிலே, வீடுகளில் பாதி, வருவாய் குறைந்தோருக்கான உதவி வாடகை வீடுகளாக இருக்க வேண்டும். பாதி! பத்துக்கு ஒன்று அல்ல. போனால் போகிறதென்று போடும் பிச்சையுமல்ல.

அந்தத் தீர்மானத்தோடு வந்தது டீட்டன்பாக் திட்டம். ரீசல்பெல்ட்டுக்கு அடுத்தாற்போல், ஆறாயிரத்துக்கு மேற்பட்ட வீடுகள். சுமார் 15,000 பேர் குடியேறப் புதுப்பேட்டை. டிராம் பாதை ரீசல்பெல்ட்டிலிருந்து நீளும். ஆனால் அங்கே நிலம் சாக்கடை வயலல்ல, பாசறையுமல்ல. உழுது பயிரிடும் விளைநிலம். உழவர்கள் எழுந்தனர். "வீட்டுக்கு நிலம் வேண்டும் என்கிறாயே, சோற்றுக்கு நிலம் வேண்டாமா? ஒருமுறை சிமெண்டு ஊற்றிவிட்டால் அந்த மண் மீண்டும் விளையுமா?" என்றனர். மரங்களைக் காக்க விரும்பியோரும் அவர்களோடு நின்றனர்.

அவர்கள் கேட்டது நியாயமான கேள்வி என்பதை நாம் மறைக்கவில்லை. ஒரு பக்கம் உழவன், ஒரு பக்கம் வாடகைக்கு வாடும் தொழிலாளி, இருவரும் உழைப்பவரே. இத்தகைய வழக்கிலே தீர்ப்புக் கூறும் உரிமை நிபுணருக்கு மட்டும் இருக்கலாகாது. அங்கே தீர்ப்புக் கூறியவர் மக்கள். 2019 பிப்ரவரி 24-ஆம் நாள் வாக்கெடுப்பு. இரு தரப்பும் ஊர் முழுவதும் வாதாடின. நூற்றுக்கு அறுபது பேர், வீடு கட்டுக என்றனர். 2024 பிப்ரவரியிலே, அப்போது ஜெர்மனியின் தலைமை அமைச்சராக இருந்த ஓலாப் ஷோல்ஸ் நேரிலே வந்து பணி தொடக்க விழாவிலே மண்வெட்டி பிடித்தார்.

இதிலே முக்கியமான நுணுக்கம் ஒன்றுண்டு. அதைப் புரிந்து கொண்டால் நகர அமைப்பிலே பாதி புரிந்தது போல. இங்கே வீடு வரப்போகிறது, டிராம் வரப்போகிறது என்ற செய்தி வெளியான அன்றே நிலத்தின் விலை துள்ளும். உதாரணத்துக்குச் சொல்கிறோம்: நேற்று நூறு ரூபாய் பெற்ற நிலம் இன்று ஆயிரம் பெறும். நிலத்துக்காரர் உழைத்தாரா? உரம் போட்டாரா? இல்லை. ஊரார் பணத்திலே பாதை வரும் என்பதால் ஏறிய விலை! அந்தத் தொள்ளாயிரம் யாருக்கு உரியது? ஜெர்மன் கட்டிடச் சட்டத்திலே, இத்தகைய பெருந்திட்டங்களுக்கு ஒரு வழி வைத்திருக்கிறார்கள். திட்டம் பற்றிய எதிர்பார்ப்பு எழுமுன் இருந்த விலையே நிலத்தின் விலை என்று நகரம் நிலைநிறுத்தலாம். அந்த விலைக்கு வாங்கி, மனையாக்கி விற்று, இடையிலே கிடைக்கும் ஏற்றத்தைக் கொண்டு சாலை, பள்ளி, பூங்கா, சாக்கடை அமைக்கலாம். டீட்டன்பாக் திட்டத்திலும் இந்த வழியைத்தான் கையாண்டனர். ஊரார் உண்டாக்கிய விலையேற்றம் ஊராருக்கே!

இந்தச் சட்டம் இல்லாத இடத்திலே என்ன நடக்கும்? கோடு கிழிக்கப்படும் செய்தி எவன் காதிலே முதலில் விழுகிறதோ, அவன் அள்ளுவான்! செய்தி எவன் காதிலே முதலில் விழும்? மூட்டை சுமப்பவன் காதிலா? மேஜைக்கு எதிர்ப்புறம் உட்கார்ந்து காபி அருந்துபவன் காதிலா? பதிலை நாம் எழுதத் தேவையில்லை.

டீட்டன்பாக்கும் இன்னும் கட்டி முடியவில்லை. முடியப் பல ஆண்டுகள் ஆகும். பாதி வீடு எளியோருக்கு என்பது இன்றைக்குத் தாளிலே உள்ள வாக்குறுதி. சிமெண்டு விலை ஏறிற்று, வட்டி ஏறிற்று என்று கூறி, பாதியைக் காலாக்க முனைவோர் எந்த ஊரிலும் தோன்றுவர். எழுத்து, சுவராக எழும் வரை மக்கள் கண் மூடலாகாது.

நமது மண்ணிலே

இது தொலைதூரத்து ஊரின் கதை. நமக்கென்ன என்று எண்ண வேண்டாம். நகர அமைப்பு நமது நிலத்துக்குப் புதியதல்ல. பேட்ரிக் கெடிஸ் என்ற ஸ்காட்லாந்து அறிஞர், 1915-வாக்கிலே அன்றைய சென்னை மாகாணத்து ஊர்களைச் சுற்றிப் பார்த்து அறிக்கை தந்தவர். தஞ்சையையும் மதுரையையும் பார்த்தவர். நெருக்கமான தெருவைக் கண்டதும் நேர்க்கோடு போட்டு இடித்துத் தள்ளும் முறையை அவர் கண்டித்தார். முதலில் ஊரை நடந்து பார், நோயை அறி, பிறகு, தேவையான இடத்திலே மட்டும் கத்தி வை என்பது அவர் நெறி. மருத்துவனுக்கும் கசாப்புக்காரனுக்கும் கையிலே இருப்பது கத்திதான், வேறுபாடு கருத்திலே!

1920-லே சென்னை நகர அமைப்புச் சட்டம் வந்தது. 1971-லே தமிழ்நாடு நகர் மற்றும் ஊரமைப்புச் சட்டம் வந்தது. அந்தச் சட்டப்படி, ஒரு நகரத்துக்கு முழுமைத் திட்டம் தீட்டினால், அதை மூடி வைத்துக்கொண்டு முடித்துவிட முடியாது. அறிவிப்பு வெளியிட வேண்டும். ஆட்சேபனையும் யோசனையும் உடையோர் எழுத்து மூலம் கூறலாம் என்று கேட்க வேண்டும். அவற்றை ஆராய வேண்டும். உரிமை உண்டு. பயன்படுத்துவோர் யார்? அறிவிப்பைத் தேடிப் படிப்பவர் மனை வணிகர்; அவருக்கு வழக்கறிஞர் உண்டு, வரைபடம் படிக்கத் தெரிந்த ஆள் உண்டு. குப்பத்திலே இருப்பவனுக்கு? அறிவிப்பு ஒட்டப்பட்ட சுவரே தெரியாது. புல்டோசர் வந்த பிறகுதான் திட்டம் வந்தது தெரிகிறது!

இந்த நிலையை மாற்றுவது, தோழர்களே, நம் போன்றோர் கடமை. ஊருக்குத் திட்டம் தீட்டுகிறார்கள் என்று செய்தி வரும் நாளிலே, மன்றத்துத் தோழர்கள் நால்வர் சென்று அந்த வரைபடத்தைப் பார்க்க வேண்டும். நமது தெரு எந்த வண்ணத்திலே இருக்கிறது என்று தேட வேண்டும். தெரியவில்லையா? தெரிந்தவரை அழைத்து வந்து படிப்பகத்திலே விளக்கச் சொல்ல வேண்டும். பிறகு மூன்று கேள்விகளை எழுத்திலே கேட்க வேண்டும்.

ஒன்று: இந்தத் திட்டத்தால் நிலத்தின் விலை ஏறுமே, அந்த ஏற்றம் யார் பைக்குப் போகும்?

இரண்டு: புதிதாக எழும் வீடுகளில், நாட்கூலிக்காரன் வாடகை கொடுக்கக் கூடிய வீடு எத்தனை? அவை எங்கே? ஊருக்குள்ளா, ஊருக்கு வெளியே இருபது கல் தொலைவிலா?

மூன்று: அங்கே முதலில் வருவது எது? வண்டியா, வாடகைக்காரனா?

இந்த மூன்றுக்கும் பதில் இல்லாத திட்டம், எவ்வளவு பளபளப்பான காகிதத்திலே அச்சடித்திருந்தாலும், அது ஊருக்கான திட்டமல்ல. ஊரை விற்பதற்கான விலைப்பட்டியல்!

பிரைபர்க் மக்கள் தேவர்கள் அல்லர். அவர்களும் தவறினர், அவர்கள் தேர்ந்தெடுத்த மன்றமே அவர்கள் வீட்டை விற்கப் பார்த்தது. அவர்களிடம் இருந்த சிறப்பு ஒன்றே ஒன்றுதான். கோடு கிழிக்கும் மேஜையைச் சுற்றி அவர்கள் நின்றார்கள். கிழித்த கோடு தவறென்று கண்டபோது, கூச்சலிட்டுக் கலைந்து போகாமல், கையெழுத்துத் திரட்டி, வாக்களித்து, அழித்து எழுத வைத்தார்கள்.

பென்சில் கோட்டிலே ஒரு நன்மை உண்டு, தோழர்களே! அதை அழிக்க முடியும். சாலையாகிச் சுவராகி எழுந்துவிட்ட பிறகுதான் அழிக்க முடியாது. கோடு பென்சிலிலே இருக்கும்போதே போய் நிற்போம்!